ஒரு பலகையில் மட்டும் விழும் கெர்னல்: மற்றக் கணினிகளிலும் அந்த வழுவை வரவழைப்பது எப்படி?

மின்தூக்கி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில், சரக்கு மின்தூக்கிகளின் அதிர்வை அளக்கும் கருவிக்கான லினக்ஸ் சாதன இயக்கியை நான் எழுதிப் பராமரித்து வருகிறேன். ஈராண்டுகளாக அந்த இயக்கி ராஸ்பெர்ரி பை 3 என்னும் சிறு கணினிப் பலகையில், லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 5.10 பதிப்பில், ஒருமுறைகூட விழாமல் ஓடியது. அண்மையில் பலகையை ராஸ்பெர்ரி பை 5-க்கு மாற்றினோம். அதனுடன் கெர்னலும் 6.6 ஆனது. அன்றிலிருந்து வேலைநாளில் சராசரியாக இரண்டு முறை கெர்னல் விழுகிறது. கடைசியாகக் கிடைக்கும் செய்தி ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: என் இயக்கியின் வாசிக்கும் பகுதி, வெற்றுப் பாயின்டர் (முகவரி ஏதும் இல்லாத சுட்டி) காட்டும் இடத்தைப் படிக்க முயன்றிருக்கிறது.

இயக்கியின் அமைப்பு எளியது. உணரி ஓர் அளவுத்தொகுதியை எடுத்ததும் இன்டரப்ட் (புராசசரை இடைமறிக்கும் சைகை) எழுகிறது. அதைக் கையாளும் பகுதி, ரிங் பஃபரின் (வளையமாகச் சுழற்றிப் பயன்படுத்தும் இடையகத்தின்) அடுத்த இடத்தில் அந்த அளவுகளின் முகவரியை எழுதிவிட்டு, ‘தயார்’ என்னும் கொடியை 1 ஆக்குகிறது. தனியாக ஓடும் ஒரு கெர்னல் இழை அந்தக் கொடியைக் கண்டதும் முகவரியை எடுத்து, அளவுகளைப் படித்து, முகவரியை வெறுமையாக்கி, கொடியைத் திரும்ப 0 ஆக்குகிறது. ஒரு வேலைநாளின் சராசரியைக் கணக்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 50 நிகழ்வுகள் வருகின்றன.

இதே இயக்கியை, பதிவுசெய்த பழைய அளவுகளை ஊட்டி, என் இன்டெல் மடிக்கணினியில் ஐந்து நாள் ஓட்டினேன், விழவில்லை. அதே மடிக்கணினியில் கியூஇஎம்யூ என்னும் மென்பொருள் மூலம், பை பலகைகளில் உள்ள ஆர்ம் 64 வகைப் புராசசர் கொண்ட மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து மூன்று நாள் ஓட்டினேன், அதிலும் விழவில்லை. பை 5-இல் பிரின்ட்கே வரிகளை (கெர்னலிலிருந்து செய்தி அச்சிடும் கட்டளைகளை) சேர்த்துத் தேடினால் வழு மறைந்துவிடுகிறது. வரிகளை எடுத்தால் திரும்பி வருகிறது. சனி, ஞாயிறுகளில் கட்டடத்தின் குளிரூட்டி நிறுத்தப்படுவதால் அறை வெந்துபோகும். ஆனால் அந்த இரண்டு நாள்களில்தான் மிகக் குறைவாக விழுகிறது. இது எனக்குப் புரியவில்லை.

வேறொரு கணினியில் வரவழைத்துக் காட்ட முடியாத வழு அந்தப் பலகையின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் மேலாளரின் கருத்து. 5.10-க்கும் 6.6-க்கும் இடையே கிட் பைசெக்ட் செய்து (நிரல் மாற்றங்களின் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துச் சோதித்து) எந்த மாற்றத்தால் இது வந்தது என்று பாருங்கள் என்கிறார் உடன் பணியாற்றுபவர். எதிலிருந்து தொடங்குவது? எல்லாக் கணினிகளையும் எந்த அளவுக்கு ஒன்றுபோல் ஆக்கினால் ஒரு முடிவுக்கு வர முடியும்?

பக்கம்16 எழுதியது:

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள், பலகையையும் கெர்னலையும். முதலில் அந்த இரண்டையும் பிரியுங்கள். பை 5 பலகை 2023 அக்டோபரில் வெளிவந்தது; 5.10 கெர்னல் 2020 டிசம்பரில் வந்தது. ஆகையால் பழைய கெர்னலைப் புதிய பலகையில் ஏற்றிப் பார்க்க வழியில்லை, பைசெக்ட் பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் எதிர்த்திசையில் செல்லலாம். புதிய கெர்னலைப் பழைய பலகையில் ஏற்றலாம்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை இயங்குதளம், பை 5-இல் இயல்பாக 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களை (கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் துண்டுகளை) கொண்ட கெர்னலைத் தொடங்குகிறது. பை 3-இல் பக்க அளவு 4 கிலோபைட். பக்க அளவை எங்கோ 4096 என்று நேரடியாக எழுதிவைத்த இயக்கிகள் இப்படிப்பட்ட பலகை மாற்றத்தில்தான் அடிபடும். பெயரிலேயே 16-ஐச் சுமக்கும் எனக்கு அது சொந்த அனுபவம். கான்ஃபிக் கோப்பில் ‘கெர்னல்8’ என்ற பிம்பத்தை (கெர்னல் கோப்பை) குறிப்பிட்டால் பை 5-உம் 4 கிலோபைட் கெர்னலில் தொடங்கும். அந்தப் பிம்பம் பை 3-இலும் ஓடும். அதாவது ஒரே கெர்னல் கோப்பு, ஒருமுறை மட்டும் கம்பைல் செய்த ஒரே மாட்யூல் (உங்கள் இயக்கி), இரண்டு பலகைகள். கம்பைலர் பதிப்பு, கெர்னல் கான்ஃபிக், பக்க அளவு ஆகிய மூன்றும் ஒரே அடியில் சமமாகிவிடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கோப்பு ஒன்று என்பதால் நினைவகத்தில் ஓடும் கட்டளைகளும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆர்ம் 64 கெர்னல் தொடங்கும்போதே புராசசரின் திறன்களைப் பார்த்துத் தன்னைத்தானே சில இடங்களில் திருத்திக்கொள்கிறது. பை 3-இன் கார்டெக்ஸ் ஏ53-இல் இல்லாத அணுநிலைக் கட்டளைகள் (இடையில் குறுக்கிட முடியாதபடி ஒரே வீச்சில் முடிபவை) பை 5-இன் கார்டெக்ஸ் ஏ76-இல் உண்டு. அங்கே அவை பயன்படுத்தப்படும்.

பலகைக் கோளாறு என்பதையும் விரைவில் தீர்க்கலாம். இன்னொரு பை 5 வாங்கி (மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் போனால் ஒரு மணி நேர வேலை) அதே எஸ்டி அட்டையைச் செருகி ஓட்டுங்கள். அதிலும் விழுந்தால் பலகையின் மீது பழி இல்லை. மேலும், கெட்டுப்போன நினைவகம் ஒவ்வொரு முறையும் ஒரே செயற்கூறில், ஒரே வெற்றுப் பாயின்டரோடு விழாது. வெவ்வேறு இடங்களில், பெரும்பாலும் ஒரு பிட் மட்டும் பிசகிய முகவரிகளோடு விழும்.

பழைய_முனையம் எழுதியது:

தம்பி, உங்கள் விவரிப்பிலேயே விடை பெருமளவு இருக்கிறது. முகவரியை எழுதிவிட்டுக் கொடியை ஏற்றுவதாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டு எழுதல்களுக்கும் இடையில் மெமரி பேரியர் (நினைவக வேலைகளின் வரிசையைக் கட்டாயமாக்கும் கட்டளை) ஏதேனும் உண்டா? வாசிக்கும் பக்கத்தில், கொடியைப் படிப்பதற்கும் முகவரியைப் படிப்பதற்கும் இடையில் உண்டா? நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாததால் இல்லை என்று எடுத்துக்கொண்டு தொடர்கிறேன், இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல், ஏஎம்டி புராசசர்களில் ஒரு கோர் (புராசசருக்குள் தனித்து இயங்கும் பகுதி) எழுதிய இரண்டு மதிப்புகள், எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்குத் தெரியும். படிப்புகளும் தமக்குள் வரிசை மாறியதாகத் தோன்றா. அங்கே மாறக்கூடிய ஒரே இணை, முன்னால் உள்ள எழுதலும் அதற்குப் பின்னால் வரும் வேறோர் இடத்தின் படிப்பும்தான். ஆர்ம் புராசசருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நிரலில் வரிசைப்படுத்தச் சொல்லாதவரை, கொடி முதலில் தெரிந்து முகவரி பிறகு தெரியலாம். அல்லது வாசிக்கும் கோர் முகவரியை முன்கூட்டியே படித்துவிட்டுக் கொடியைப் பிறகு படிக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் உங்கள் இழை காண்பது ‘தயார்’ என்ற கொடியையும், முந்தைய சுற்றில் நீங்களே வெறுமையாக்கிய பாயின்டரையும்தான். உங்கள் ஊப்ஸ் செய்தி (கெர்னல் விழும்போது அச்சிடுவது) சொல்வது அதுவே.

அப்படியானால் பை 3-இல் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். ஏ53 கட்டளைகளை வரிசை தவறாமல் நிறைவேற்றும் எளிய கோர். ஆர்ம் விதிகள் வரிசை மாற்றத்தை அனுமதித்தாலும், அந்த வன்பொருளில் அதற்கான வாய்ப்பு மிகக் குறுகியது. ஏ76 பெரிய கோர். எதிர்காலக் கட்டளைகளைத் தாராளமாக முன்னிழுத்துச் செய்யும். ஆகவே அந்த ஈராண்டுகளிலும் உங்கள் வழு அங்கேயே இருந்தது. பலகையைக் குறை சொல்வது சரியாகாது.

கியூஇஎம்யூ ஏன் உதவவில்லை என்பதற்கும் இதுவே காரணம். அது ஆர்ம் கட்டளைகளை இன்டெல் கட்டளைகளாக மொழிபெயர்க்கிறது. மொழிபெயர்த்தவை ஓடுவது உங்கள் மடிக்கணினியின் இன்டெல் கோர்களில். வரிசை மாற்றத்தில் அந்தக் கோர்களின் கண்டிப்பே மெய்நிகர் கணினிக்கும் வந்துவிடும். பெயருக்கு அது ஆர்ம். நினைவக நடத்தையில் இன்டெல். கற்றுக்கொள்ளும் இளையர்கள் பலர் இங்கே ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் மெய்நிகரில் ஓடியது என்று சொல்லி இயக்கியை அனுப்பிவிடுவார்கள்.

சூழல் மாறும்போது உறங்கிய வழு விழிப்பது கெர்னலுக்குப் புதிதில்லை. 2016 அக்டோபரில் திருத்தப்பட்ட டர்ட்டி கவ் என்னும் பாதுகாப்பு வழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தத்தின் குறிப்பில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதைச் சரிசெய்ய முயன்றதையும், எஸ்390 பெருங்கணினியில் எழுந்த சிக்கலால் அந்த முயற்சி திரும்பப் பெறப்பட்டதையும், அன்று ஏட்டளவில் மட்டுமே இருந்த அந்தப் போட்டிநிலை (வேலைகள் நடக்கும் வரிசையைப் பொறுத்து எழும் வழு) காலப்போக்கில் எளிதாகத் தூண்டக்கூடியதாக மாறிவிட்டதையும் சொல்லியிருக்கிறார். ஒரு கணினியில் வரவில்லை என்பது அந்தக் கணினியைப் பற்றிய செய்தி. நிரல் சரியானது என்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே, எல்லாக் கணினிகளையும் ஒன்றுபோல் ஆக்குவது எப்படி என்று நீங்கள் கேட்டதைச் சற்றே மாற்றிக் கேளுங்கள்: எந்த ஒரு வேற்றுமை இந்த வழுவுக்கு வேண்டும்? மற்றவற்றைச் சமமாக்குவது அந்த ஒன்றைத் தனித்துக் காண்பதற்காகத்தான்.

மேலாளருக்கு இன்டெல் கணினியிலேயே சான்று காட்ட வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கேசிசான் என்னும் கருவி 5.8 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கிறது. இரண்டு கோர்கள் ஒரே நினைவக இடத்தைப் பாதுகாப்பின்றித் தொடும்போது, அதனால் ஏதும் விழுந்தாலும் விழாவிட்டாலும், இரண்டு பக்கத்து அழைப்பு வரிசைகளையும் அச்சிட்டுக் காட்டும். அதன் கண்டிப்பு நிலையை முடுக்கிவிட்டு ஓட்டுங்கள். இயல்பு நிலையில் சில நினைவக எழுதல்களை அது பொருட்படுத்தாமல் விட்டுவிடும். உங்கள் கொடியும் பாயின்டரும் அந்த அறிக்கையில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். இன்னொரு வழி, கெர்னல் மூலநிரலின் டூல்ஸ் அடைவில் உள்ள நினைவக மாதிரி. உங்கள் இயக்கியின் சாரத்தைப் பத்து வரியில் லிட்மஸ் சோதனையாக (நினைவக வரிசையைச் சோதிக்கும் சிறு நிரலாக) எழுதி ஹெர்ட்7 நிரலிடம் கொடுத்தால், கொடி 1, பாயின்டர் வெறுமை என்ற முடிவு நிகழ முடியுமா, முடியாதா என்று எந்தப் பலகையும் இல்லாமலே சொல்லிவிடும்.

பிரின்ட்கே பற்றி ஒரு சொல். செய்திகள் வெளிவரும் தொடர் முனையம் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் இருந்தால் விநாடிக்கு 11520 எழுத்துகள்தாம் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. நீங்கள் பிடிக்க முயலும் இடைவெளியோ நானோவிநாடிகளில். அந்தத் தாமதத்தில், நினைவகத்தில் எழுதிய எந்த மதிப்பும் தன் இடம் போய்ச் சேர்ந்துவிடும். டிரேஸ் பிரின்ட்கே பயன்படுத்துங்கள். அது கோருக்கு ஒன்றாக உள்ள நினைவக இடையகத்தில் மட்டுமே எழுதும். ஊப்ஸ் வந்தால் அந்த இடையகத்தைக் கொட்டும்படி கெர்னல் கட்டளை வரியில் சொல்லி வைக்கலாம்.

நிகழ்தகவு எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எதை ஓட்டுவது என்று சொன்ன அளவுக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று எவரும் சொல்லவில்லை. என் பார்வையில் வேலையின் பாதி அதுதான்.

நேரத்தை விட்டுவிட்டு நிகழ்வுகளை எண்ணுங்கள். விநாடிக்கு 50 நிகழ்வு என்றால் ஒரு நாளில் 4.32 மில்லியன். அதில் இரண்டு முறை விழுகிறது என்றால், சராசரியாக 2.16 மில்லியன் நிகழ்வுக்கு ஒன்று. வார இறுதிப் புதிரும் இதில் அவிழும் என்று நினைக்கிறேன்: சனி, ஞாயிறுகளில் சரக்கு மின்தூக்கி எத்தனை முறை ஓடுகிறது? குறைவாக ஓடினால் நிகழ்வும் குறைவு, விழுவதும் குறைவு. குளிரூட்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். இருந்தாலும் வெப்பத்தை முற்றாக மறக்க வேண்டாம். பை 5 தன் வெப்பம் 80 டிகிரியை எட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது இரண்டு ஓட்டங்களை ஒப்பிட முடியாது. ஒரு விசிறியை மாட்டி, வெப்பநிலையையும் பதிவுசெய்யுங்கள்.

அடுத்தது, உணரியை நம்பியிருக்க வேண்டாம். இயக்கியில் உயர்துல்லிய டைமர் ஒன்றை வைத்து 100 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை பொய்யான நிகழ்வை எழுப்புங்கள். விநாடிக்கு 10,000 நிகழ்வு. அதே வாய்ப்பு நீடித்தால் 216 விநாடியில், அதாவது நான்கு நிமிடத்துக்குள், சராசரியாக ஒருமுறை விழ வேண்டும். டைமரை ஒரு கோரிலும் வாசிக்கும் இழையை இன்னொரு கோரிலும் கட்டிவையுங்கள். கொடியும் பாயின்டரும் ஒரே கேச் வரியில் (புராசசர் ஒன்றாக எடுத்துவைக்கும் நினைவகத் துண்டில்) இருந்தால் சோதனைக்காகப் பிரித்து வையுங்கள். மற்ற இரண்டு கோர்களையும் ஸ்ட்ரெஸ் என்ஜி என்னும் பளுச்சோதனை நிரல் கொண்டு நினைவகப் பளுவில் ஆழ்த்துங்கள். இவை வழுவை உண்டாக்குபவை அல்ல. ஏற்கெனவே உள்ள வழு வெளிப்படும் இடைவெளியை அகலப்படுத்துபவை.

பைசெக்ட் செய்ய வழி இருந்திருந்தாலும், இப்படி அடிக்கடி விழச் செய்வதற்கு முன் அதைத் தொடவே வேண்டாம் என்பதற்குக் கணக்கு இதோ. ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும், 5.10-இலிருந்து 6.6 வரை 16 வெளியீடுகள். பாதி பாதியாகக் குறைத்தாலும் 17, 18 படிகள் ஆகும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை விழும் வழுவுக்கு, ‘இந்தப் படி நல்லது’ என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, சராசரியின் மும்மடங்கு, அதாவது 36 மணி நேரம் விழாமல் ஓட வேண்டும். அப்படி ஒன்பது முறை ‘நல்லது’ என்று தீர்ப்புச் சொன்னீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒன்பதும் சரியாக இருக்கும் வாய்ப்பு 63 விழுக்காடுதான். இரண்டு வாரத்துக்கு மேல் உழைத்து, குற்றமற்ற யாரோ ஒருவரின் மாற்றத்தின் மீது கைநீட்டிவிடக்கூடிய வாய்ப்பு மூன்றில் ஒன்றைவிட அதிகம். நான் ஒருமுறை அதைச் செய்து, முன்பின் அறியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அதே கணக்கைத் திருத்தத்துக்கும் பயன்படுத்துங்கள். 216 விநாடிச் சராசரி என்றால் 11 நிமிடம் விழாமல் ஓடினால் 95 விழுக்காடு. 25 நிமிடம் ஓடினால் 99.9 விழுக்காடு.

மின்தூக்கி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய_முனையம் ஐயா கேட்டதற்கு விடை: பேரியர் எங்குமே இல்லை. பக்கம்16 சொன்ன ஒரே பிம்பத்தை இரண்டு பலகைகளிலும் ஏற்றினேன். 4 கிலோபைட் பக்கத்திலும் பை 5 விழுந்தது. பக்க அளவு காரணமில்லை. புதிதாக வாங்கிய இரண்டாவது பை 5-உம் விழுந்தது, பலகையும் காரணமில்லை. 6.6 கெர்னலோடு பை 3, டைமர் சோதனையில் இரண்டு நாள் விழாமல் ஓடியது. வார இறுதியில் சரக்கு மின்தூக்கி வேலைநாளில் ஓடுவதில் பத்தில் ஒரு பங்கே ஓடுகிறது என்பதும் பதிவேட்டில் தெரிந்தது.

டைமரும் கோர்க்கட்டும் பளுவும் சேர்ந்தபோது பை 5 சராசரியாக 70 விநாடியில் விழுந்தது. இருபது முறை ஓட்டி எடுத்த சராசரி அது. மேலாளரை மேசைக்கு அழைத்து, இரண்டு பை 5 பலகைகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன்; இரண்டும் இரண்டு நிமிடத்துக்குள் விழுந்தன. மடிக்கணினியில் கேசிசான் அறிக்கையில் கொடி, பாயின்டர் இரண்டும் வந்தன. லிட்மஸ் சோதனைக்கு ஹெர்ட்7 ‘சில வேளைகளில் நிகழும்’ என்று விடை தந்தது.

எழுதும் பக்கத்தில் கொடியை எஸ்எம்பி ஸ்டோர் ரிலீஸ் மூலமும், படிக்கும் பக்கத்தில் எஸ்எம்பி லோட் அக்வயர் மூலமும் மாற்றினேன் (வரிசையைக் காக்கும் எழுதலும் படிப்பும் அவை). ஹெர்ட்7 ‘ஒருபோதும் நிகழாது’ என்கிறது. பை 5 இருபத்தைந்து நிமிடம் விழாமல் ஓடியது. 70 விநாடிச் சராசரிக்கு இது மிகத் தாராளம். நாளை வெளியிடலாம் என்றிருக்கிறேன்.

பழைய_முனையம் எழுதியது:

நாளை வேண்டாம் தம்பி. இன்றிரவு முழுவதும் ஓடட்டும்.

இருபத்தைந்து நிமிடக் கணக்கு, 70 விநாடிக்கு ஒருமுறை வந்த அந்த வழிக்கு மட்டும் பொருந்தும். வெற்றுப் பாயின்டருக்கு வேறு வழி இருந்தால் அதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் ரிங் பஃபரில் செய்தி இரண்டு திசையில் போகிறது. ‘தயார்’ என்று எழுதுபவர் வாசிப்பவருக்குச் சொல்கிறார். ‘காலி’ என்று வாசிப்பவர் எழுதுபவருக்குச் சொல்கிறார். முதல் திசையைச் சரிசெய்துவிட்டீர்கள். வாசிக்கும் இழை முகவரியை வெறுமையாக்கிவிட்டுக் கொடியை 0 ஆக்கும் இடத்தில் என்ன இருக்கிறது? ஹெர்ட்7-க்கு நீங்கள் கொடுத்த பத்து வரியில் அந்தத் திசை இருந்ததா? கேட்காத கேள்விக்கு அந்த நிரல் விடை சொல்லாது.

மின்தூக்கி எழுதியது:

ஐயா சொன்னபடி இரவு 10.30-க்குத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். விடியற்காலை 3.40-க்கு விழுந்திருக்கிறது. அதே செயற்கூறு, அதே வெற்றுப் பாயின்டர். ஐந்து மணி பத்து நிமிடத்தில் 186 மில்லியன் நிகழ்வுகள். உண்மையான மின்தூக்கிக் கணக்கில் அது 43 நாள். வெளியிட்டிருந்தால் ஆறு வாரம் கழித்து வாடிக்கையாளரின் கட்டடத்தில் விழுந்திருக்கும். நானும் அதை வேறொரு வழு என்று நினைத்துத் தேடியிருப்பேன்.

‘காலி’ திசையில் பேரியர் இல்லை. லிட்மஸ் சோதனையிலும் அந்தத் திசையை நான் எழுதவில்லை. இப்போது எழுதினேன். கொடி 0 ஆனது முதலில் தெரிந்து, எழுதுபவர் புதிய முகவரியை வைத்த பிறகு, வாசிப்பவரின் பழைய வெறுமையாக்கம் அதன்மீது வந்து விழ முடியும் என்று விடை வந்தது. அந்த இடத்திலும் ரிலீஸ், அக்வயர் சேர்த்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பதில்தான் குழப்பம். ஒரே ஒரு முறை விழுந்ததை வைத்துச் சராசரி எடுக்கலாமா?

நிகழ்தகவு எழுதியது:

எடுக்கலாகாது. ஒரே நிகழ்விலிருந்து கிடைக்கும் சராசரி மிகத் தளர்வானது. உண்மையான சராசரி ஐந்து மணி நேரமாகவும் இருக்கலாம், பதினைந்து மணி நேரமாகவும் இருக்கலாம். இரண்டு வழி உண்டு. நேரம் இருந்தால் பழைய நிரலையே இன்னும் நான்கைந்து முறை விழவிட்டுச் சராசரியை உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் மோசமான மதிப்பை ஏற்றுக்கொண்டு நீண்ட நேரம் ஓட்டுங்கள். வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை 62 மணி நேரம். உண்மையான சராசரி பதினைந்து மணி நேரமாகவே இருந்தாலும், திருத்தம் பலிக்காத நிலையில் 62 மணி நேரம் தற்செயலாக விழாமல் நிற்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு பலகைகளிலும் சேர்த்து ஓட்டுங்கள். அப்போது 124 மணி நேரம். வார இறுதியில் குளிரூட்டி இருக்காது என்பதால் விசிறிகளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாறாக ‘காலி’ திசைக்கெனத் தனிச் சோதனை எழுதினால் இன்னும் நல்லது. வளையத்தின் இடங்களை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். எழுதுபவர் எப்போதும் ‘காலி’ கொடிக்காகவே காத்திருப்பார். இடைவெளி பலமடங்கு அடிக்கடி திறக்கும்.

பழைய_முனையம் எழுதியது:

இன்னொன்றையும் பாருங்கள். கொடி 0 ஆனதும் எழுதுபவர் அதே நினைவகப் பகுதியைத் திரும்பப் பயன்படுத்துகிறார் என்றால், வெறுமையாக்கம் மட்டுமன்று, அளவுகளைப் படிப்பதும் கொடிக்குப் பின்னால் நழுவ முடியும். ஆர்மில் முன்னால் உள்ள படிப்பும் பின்னால் உள்ள எழுதலும்கூட வரிசை மாறலாம். அப்படி நடந்தால் கெர்னல் விழாது. பாதி பழைய அளவும் பாதி புதிய அளவும் கலந்த ஒரு பதிவு சத்தமில்லாமல் வட்டில் போய் உட்காரும். நீங்கள் இப்போது சேர்த்த ரிலீஸ் அதையும் தடுக்கும். ஆனால் பை 5-க்கு மாறிய நாளிலிருந்து சேர்ந்திருக்கும் பதிவுகளை எப்படி நம்புவது?

மின்தூக்கி எழுதியது:

திங்கள் மாலை. இரண்டு பலகைகளும் 62 மணி நேரம் விழாமல் ஓடின. வளையத்தில் இரண்டே இடங்கள் வைத்த சோதனையில், பழைய நிரல் சராசரியாக ஒன்பது நிமிடத்தில் விழுந்தது. புதிய நிரல் காலையிலிருந்து விழாமல் ஓடுகிறது. அந்தச் சோதனையை இயக்கியின் மூலநிரலோடு சேர்த்துவைத்துவிட்டேன்.

ஐயா கேட்ட கேள்வியைக் கண்டதும் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் வரிசை எண் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் நிரலை இதுவரை நான் எழுதியதே இல்லை. இன்று எழுதி ஓட்டினேன். மூன்று பதிவுகளில் எண்கள் ஒத்துப்போகவில்லை. அவற்றில் ஒன்றை, தாங்கு உருளை தேய்ந்திருப்பதன் அறிகுறி என்று நாங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் சேர்த்திருந்தோம். மேலாளரிடம் காட்டிவிட்டேன், திருத்திய அறிக்கை நாளை காலை போகிறது.